சாண்டா கிளாரா கவுண்டியில் அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீடு தேடும் இணையதளங்களில் பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் 1 முதல் 10 வரை ஓர் எண் இருக்கும். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டிக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களில் பல அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. சில அங்கேயே முடித்தும்விடுகின்றன. 9 என்றிருந்த பள்ளிக்காகக் கூடுதல் வாடகைக்குக் கையெழுத்திட்ட பிறகு, மகள் விரும்பிய பாடத்தில் இடமில்லை என்பது ஆகஸ்ட் மாதத்தில் தெரியவரும். இன்னும் மோசம், அந்த வீடு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இல்லை என்பதே அப்போதுதான் தெரியவரும்.

இங்கே சொல்லப்படும் வரிசை வேறு. முதலில் முகவரி, அடுத்துப் பிள்ளையின் தேவை, அதன் பிறகு தேர்வுப் புள்ளிவிவரம், பிறகு பாடங்களும் கால அட்டவணையும், கடைசியில் நேரில் பார்ப்பது. 9 முதல் 12 வரையான வகுப்புகள் உள்ள வழக்கமான அரசுப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்குச் சேர்க்கை விதிகள் வேறு.

தொடங்கும் முன் வேண்டியவை

நீங்கள் யோசிக்கும் வீடுகளின் முழு முகவரிகள், தெரு எண்ணோடு. பிள்ளையின் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல். ஒரு விரிதாள், அதில் பள்ளிக்கு ஒரு வரிசை. கூடவே பிள்ளையும் வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையைக் கேட்காமல் அப்பாவும் அம்மாவும் விரிதாள் நிரப்புவது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பறையில் உட்காரப்போவது யார் என்பது அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

எந்த ஆண்டின் தகவல் என்பதற்கு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் விடுங்கள். ஒரு தளத்தில் போன ஆண்டின் எண்ணும் இன்னொன்றில் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணும் இருக்கும். கலந்துவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

1. முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்தில் விழுகிறது என்று உறுதி செய்யுங்கள்

இந்த வழக்கமான பள்ளிகளைக் கவுண்டி நடத்துவதில்லை. இந்த ஒரு கவுண்டிக்குள் 31 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, தனி வரவுசெலவு, தனி எல்லை. பள்ளி மாவட்டத்தின் எல்லையும் நகரத்தின் எல்லையும் ஒன்றல்ல. புதியவர்கள் இடறும் முதல் இடம் இதுதான்.

சான் ஹோசே நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பகுதிகள் சான் ஹோசே யூனிஃபைட், ஈஸ்ட் சைட் யூனியன், கேம்ப்பெல் யூனியன், ஃப்ரீமான்ட் யூனியன், சாண்டா கிளாரா யூனிஃபைட் என்று பல மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கூப்பர்ட்டினோ பள்ளிகளோடு சேர்த்துப் பேசப்படும் லின்புரூக் உயர்நிலைப் பள்ளி இருப்பது சான் ஹோசே நகரில். புராஸ்பெக்ட் உயர்நிலைப் பள்ளியின் முகவரி சாரடோகா; ஆனால் அது கேம்ப்பெல் யூனியனைச் சேர்ந்தது, லாஸ் கேட்டோஸ்-சாரடோகா மாவட்டத்தைச் சேர்ந்ததல்ல. சன்னிவேலின் ஒரு பகுதி ஃப்ரீமான்ட் யூனியனிலும் இன்னொரு பகுதி சாண்டா கிளாரா யூனிஃபைடிலும் இருக்கிறது. ஃப்ரீமான்ட் உயர்நிலைப் பள்ளி இருப்பதும் சன்னிவேலில்தான். ஃப்ரீமான்ட் நகரமோ அலமீடா கவுண்டியில். பெயரை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது: மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் முகவரி தேடும் பக்கம் இருக்கும். அதில் தெரு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுத் தரகர் சொன்னது, விளம்பரத்தில் அச்சிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எதுவும் செல்லாது. ஒரே தெருவின் இரண்டு பக்கங்கள் இரண்டு பள்ளிகளுக்குப் போவது இங்கே சாதாரணம்.

மாவட்டத்தின் பெயரில் ‘யூனிஃபைட்’ என்றிருந்தால் மழலை முதல் 12 வரை ஒரே நிர்வாகம். ‘யூனியன் ஹை’ என்றிருந்தால் 9 முதல் 12 வரை மட்டும். எட்டாம் வகுப்பு வரை வேறு மாவட்டம். இதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. யூனியன் பள்ளிக்குப் பல தொடக்கக் கல்வி மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அவர்கள் எட்டாம் வகுப்பில் படித்த கணிதம் ஒன்றாக இருக்காது.

‘வீடு இங்கே இருக்கட்டும், இடமாற்றம் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு வேண்டாம். வேறு மாவட்டத்துப் பள்ளிக்குப் போக இரு மாவட்டங்களின் ஒப்புதலும் வேண்டும். ஃப்ரீமான்ட் யூனியன், பாலோ ஆல்டோ, மவுன்டன் வியூ-லாஸ் ஆல்டோஸ் போன்றவை சொத்து வரி வருவாயிலேயே ஓடுபவை. மாநில நிதி சூத்திரம் தரக்கூடியதைவிட உள்ளூர் வரி அதிகம் என்பதால், கூடுதலாக ஒரு மாணவர் வந்தாலும் கூடுதல் பணம் வராது. செலவு மட்டும் கூடும். அதனால்தான் இத்தகைய மாவட்டங்களில் வசிப்பிடச் சான்றைக் கறாராகப் பார்க்கிறார்கள், வெளியாருக்கு அனுமதியும் அரிது. விளையாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல்: வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் முதல்நிலை அணியில் சில காலம் ஆட முடியாமல் போகலாம்.

இந்தப் படியை முடித்தால் பட்டியலில் இரண்டு, மூன்று பள்ளிகள்தான் மிஞ்சும். நல்லது. இருபது பள்ளிகளை ஒப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது.

2. எண்களைப் பார்க்கும் முன் தேவையை எழுதுங்கள்

மூன்று வரி போதும். அது இல்லாமல் முடியாது என்பவை மட்டும். எடுத்துக்காட்டு: ஒன்பதாம் வகுப்பிலேயே ஜியோமெட்ரியில் சேர வேண்டும், வயலின் வாசிப்பதால் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும், காலையில் அப்பா கொண்டுவிட முடியாது.

எண்களைப் பார்த்த பிறகு எழுதினால், பிடித்துப்போன பள்ளிக்கு ஏற்பத் தேவைகள் வளைந்துவிடும். எழுதிய தாளில் தேதி போட்டு வைக்கச் சொல்வது அதனால்தான்.

3. மாநில டாஷ்போர்டை நிறத்தை நம்பாமல் படியுங்கள்

கலிஃபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு மாநில அரசின் தளம். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து நிறங்களில் ஒவ்வொரு அம்சத்தையும் காட்டும். சிவப்பைக் கண்டதும் பயந்து, நீலத்தைக் கண்டதும் மயங்குவதுதான் வழக்கமான பிழை.

ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன: இந்த ஆண்டு நிலை என்ன, போன ஆண்டைவிட எவ்வளவு மாறியது. உயரத்தில் இருந்து சற்றே இறங்கிய பள்ளியும், தாழ்விலிருந்து கிடுகிடுவென ஏறிய பள்ளியும் ஒரே நிறத்தில் நிற்கலாம். ஆகவே நிறத்தைச் சொடுக்கி உள்ளே போய், தரநிலைக்கு மேலே அல்லது கீழே எத்தனை புள்ளி என்ற எண்ணை எடுத்து விரிதாளில் எழுதுங்கள்.

தொடர்ந்து பள்ளிக்கு வராதோர் விகிதம் டாஷ்போர்டில் எட்டாம் வகுப்பு வரைதான் அம்சமாகக் காட்டப்படுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு அந்த விவரம் வேண்டுமானால் மாநிலக் கல்வித் துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்துக்குப் போக வேண்டும். நான் அதைத் தவறாமல் பார்ப்பேன். பிள்ளைகள் வர விரும்பாத பள்ளியைப் பற்றி மதிப்பெண்கள் தாமதமாகத்தான் சொல்லும். வருகைப் பதிவு முன்பே சொல்லிவிடும்.

4. தேர்வு முடிவில் சராசரியை விட்டுவிட்டு, சரியான வரிசையைப் பாருங்கள்

மாநிலத் தேர்வான காஸ்ப், உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் 11ஆம் வகுப்பில் மட்டுமே நடக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஒரே ஒரு அளவுகோல். அதையும் மூன்று சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும்.

முதலாவது, எழுதியவர்கள் எத்தனை பேர்? பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை இந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்ள மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. ஏபி என்ற கல்லூரித் தரப் பாடங்களுக்கான தேர்வு நெருக்கத்தில் வருவதால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே விலகும் பள்ளிகள் உண்டு. சேர்ந்தோர் எண்ணிக்கையோடு எழுதியோர் எண்ணிக்கையை ஒப்பிட்டு, 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

இரண்டாவது, யாரோடு யாரை ஒப்பிடுகிறீர்கள்? பள்ளியின் மொத்தச் சராசரி பெருமளவுக்கு அந்தப் பகுதி வீடுகளின் வருமானத்தையும் பெற்றோரின் படிப்பையும்தான் காட்டுகிறது. ஆசிரியர்களின் திறமையை அல்ல. காஸ்ப் முடிவுத் தளத்தில் பெற்றோரின் கல்வித்தகுதிப்படி பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. நீங்கள் பட்டதாரிகள் என்றால், இரண்டு பள்ளிகளிலும் பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்ற வரிசையை மட்டும் அருகருகே வையுங்கள். பெரும்பாலும் இடைவெளி சுருங்கும். சுருங்காமல் அப்படியே நின்றால் அதற்குப் பொருள் இருக்கிறது.

‘ஆசியர்’ என்ற வரிசையை எடுத்துக்கொண்டு ‘நம்மவர்கள்’ என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்கு சான் ஹோசேயில் அந்த வரிசையில் வியட்நாமியக் குடும்பங்கள் அதிகம். கூப்பர்ட்டினோவில் இந்தியர்களும் சீனர்களும். வந்த காலமும் வசதியும் வேறு வேறு.

மூன்றாவது, எத்தனை ஆண்டுகள்? ஓர் ஆண்டு எண்ணை வைத்து முடிவெடுக்காமல் குறைந்தது மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். ஆனால் 2020இல் தேர்வே நடக்கவில்லை; 2021இல் எல்லாப் பள்ளிகளும் எழுதவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டிக் கோடு போட்டு ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்று பேசுவதில் அர்த்தமில்லை. சிறிய பிரிவுகளில் 10 பேருக்கு மேல் இல்லையென்றால் முடிவு மறைக்கப்படும்; வெற்றுக் கட்டம் பூஜ்யம் அல்ல.

5. பள்ளிப் படிப்பை முடித்தோர் விகிதத்தைவிட ஏ-ஜி விகிதத்தைக் கேளுங்கள்

கவுண்டியின் பெரும்பாலான பள்ளிகளில் 12ஆம் வகுப்பை முடித்துப் பள்ளிப் பட்டம் பெறுவோர் விகிதம் உயர்வாகவே இருக்கிறது. அதை வைத்து இரண்டு நல்ல பள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. ஆனால் பள்ளிப் பட்டம் பெற்ற எல்லோரும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவதில்லை. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் ஏ-ஜி என்ற பாடத்தொகுதி வேண்டும்: வரலாறு 2 ஆண்டு, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, பிற மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. மொத்தம் 15, ஒவ்வொன்றிலும் குறைந்தது ‘சி’.

இதை முடித்தோர் விகிதம் டேட்டாகுவெஸ்டில் கிடைக்கும். எத்தனை பேரில் என்ற கணக்கை மட்டும் கவனியுங்கள்: அது பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் என்பது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து நடுவில் விலகியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அந்தப் பள்ளியின் எந்தெந்தப் பாடத்தை யூசி ஏற்கிறது என்ற பட்டியலும் பள்ளிவாரியாக யூசி தளத்தில் உண்டு. பட்டியலில் இல்லாத பாடம் ஏ-ஜி கணக்கில் சேராது, பெயர் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும்.

பிற மொழி விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு மதிப்பலகு (கிரெடிட்) தரும் மாவட்டங்கள் உண்டு, தராதவையும் உண்டு. மாவட்டம் பட்டத்துக்காக ஏற்பதும் யூசி சேர்க்கைக்காக ஏற்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ தமிழ்வழியில் இரண்டு ஆண்டுகளாவது படித்துவிட்டு வந்த பிள்ளை என்றால், அதையே பிற மொழித் தகுதியாகக் காட்ட யூசி விதிகளில் இடமிருக்கிறது. மதிப்பெண் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

6. ஏபி எண்ணிக்கையை எண்ணாதீர்கள், கால அட்டவணையை எண்ணுங்கள்

‘அந்தப் பள்ளியில் 25 ஏபி, இந்தப் பள்ளியில் 18’ என்ற பேச்சை எங்கும் கேட்கலாம். உங்கள் பிள்ளை இருபத்தைந்தையும் எடுக்கப்போவதில்லை. யூசி தன் மதிப்பெண் சராசரிக் கணக்கில் இத்தகைய வகுப்புகளுக்கான கூடுதல் புள்ளியை 8 அரையாண்டுகளுக்கு மேல் தருவதும் இல்லை.

அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை வேறு. ஏபி வகுப்பில் விரும்பிய எல்லோரும் சேரலாமா, நுழைவுத் தேர்வோ முந்தைய மதிப்பெண்ணோ தேவையா? ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் எவை திறந்திருக்கின்றன? போன ஆண்டு எத்தனை பிரிவுகள் நடந்தன? கடைசிக் கேள்விதான் முக்கியம். பாடக் கையேட்டில் அச்சிட்ட பாடமெல்லாம் நடப்பதில்லை. போதிய பிள்ளைகள் பதிவு செய்யாவிட்டால் அந்த ஆண்டு அது கிடையாது. கையேட்டை வைத்து ஒப்பிடுவது ஓட்டல் வாசலில் உள்ள பலகையைப் பார்த்து வயிறு நிரப்புவது போன்றது. சமையலறையில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்து, ஒரு நாளில் எத்தனை பாடவேளை? ஆண்டுக்கு 6 பாடம் என்றால் நான்கு ஆண்டில் 24. 7 என்றால் 28. இந்த நான்கு இடம் பெரிய விஷயம். ஏ-ஜி 15, உடற்கல்வி, உடல்நலம், மாவட்டத்தின் பிற கட்டாயங்கள் போக மிச்சத்தில்தான் ஆர்க்கெஸ்ட்ரா, கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு ஸ்பானியம் எல்லாம். நான்கு ஆண்டும் வாத்தியக்குழுவில் இருக்க விரும்பும் பிள்ளைக்கு 6 பாடவேளைப் பள்ளி நெருக்கடி தரும். காலியான நான்கு ஆண்டுக் கட்டத்தை வரைந்து, ஒவ்வொரு பள்ளிக்கும் பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கணிதப் பாதையைத் தனியாகப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதத்தில் உட்கார வைப்பது என்பதற்கு ஒவ்வொரு மாவட்டமும் நியாயமான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்கிறது. அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து நேரே வரும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்று மட்டுமே இருக்கும். பாடத்திட்டத்தின் பக்கங்களை இணைத்துக் கொடுத்தால்தான் எவ்வளவு படித்திருக்கிறார் என்பது பள்ளி ஆலோசகருக்குப் புரியும்.

பள்ளியில் இல்லாத பாடத்துக்கு டி ஆன்சா, ஃபுட்ஹில், மிஷன் போன்ற சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பகுதிநேரமாக அங்கே படிக்க வழி உண்டு. ஆகவே ஓர் உயர் கணிதப் பாடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டாம்.

7. பல்கலைக்கழகச் சேர்க்கை எண்களைக் கவனமாகக் கையாளுங்கள்

எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதை யூசி தன் தகவல் மையத்தில் வளாகவாரியாக வெளியிடுகிறது. அதைப் பார்த்து ‘இந்தப் பள்ளி யூசி பெர்க்லியில் இடம் வாங்கித் தருகிறது’ என்று சொல்வது அவசரம். பள்ளி இடம் வாங்கித் தருவதில்லை. அங்கே கூடிய பிள்ளைகள் வாங்குகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 விழுக்காட்டில் வரும் தகுதியான மாணவருக்கு, இடமிருக்கும் ஏதேனும் ஒரு யூசி வளாகத்தில் இடம் உறுதி என்ற ஏற்பாடு உண்டு. சேர்க்கையில் சாட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் யூசி பார்ப்பதில்லை. கடும் போட்டியுள்ள பள்ளியில் முதல் 30 விழுக்காட்டில் நிற்கும் பிள்ளை, இன்னொரு பள்ளியில் முதல் 9க்குள் வந்திருக்கக்கூடும். ஆனால் ‘ஏதேனும் ஒரு வளாகம்’ என்பதை அடிக்கோடிடுங்கள். கேட்ட வளாகம் கிடைக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. இதற்காகவே சுமாரான பள்ளியைத் தேடிப் போவதும் எனக்கு உடன்பாடில்லை.

கல்லூரிகளுக்கு ஆலோசகர் அனுப்பும் ‘பள்ளி அறிமுகத் தாள்’ பெரும்பாலும் பள்ளித் தளத்திலேயே இருக்கும். பாடங்கள், சேர்க்கை எண்ணிக்கை, சில பள்ளிகளில் மதிப்பெண் பரவல் எல்லாம் இரண்டு பக்கத்தில் அடங்கியிருக்கும். தரப்பட்டியல் தளங்களைவிட இது பயன் தரும்.

8. சார்க் அறிக்கையும் மாணவர் ஆய்வும்

ஒவ்வொரு பள்ளியும் பிப்ரவரி 1க்குள் சார்க் என்ற பொறுப்பறிக்கையை வெளியிட வேண்டும். வகுப்பறையில் எத்தனை பேர், ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர், தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்கள் எத்தனை, கட்டடம் எந்த நிலையில் என்ற நான்கையும் எடுத்தால் போதும்.

மன நலத்துக்கு கலிஃபோர்னியா ஹெல்தி கிட்ஸ் சர்வே இருக்கிறது. 9, 11ஆம் வகுப்பு மாணவர்கள் பெயர் குறிப்பிடாமல் பதில் சொல்வது. தொடர்ச்சியான சோகம், பள்ளியோடு ஒட்டுதல், பாதுகாப்பு உணர்வு ஆகிய மூன்றையும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் உச்சியில் நிற்கும் பள்ளிகளை ஒப்பிடும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

9. நேரில் போங்கள், கேள்விகளோடு

எட்டாம் வகுப்புக் குடும்பங்களுக்கான அறிமுக மாலை பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். பாடத் தேர்வும் அதையொட்டியே வரும். மேடைப் பேச்சு எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். முடிந்ததும் ஆலோசகரைப் பிடித்து, ‘கேட்ட பாடம் கிடைக்காத மாணவருக்கு என்ன செய்கிறீர்கள்?’, ‘ஒரு வகுப்பு கடினமாக இருந்தால் எந்தத் தேதி வரை மாறலாம்?’ என்று கேளுங்கள். தயங்காமல் வரும் பதிலில் நிறையத் தெரியும்.

இன்னொரு நாள், பள்ளி விடும் நேரத்தில் வெளியே நின்று பாருங்கள். பிறகு காலை நேரத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கு உண்மையிலேயே சென்று பாருங்கள். மஞ்சள் பேருந்து வரும் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் ஏமாறுகிறார்கள். பல பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ விடிஏ என்ற பொதுப் போக்குவரத்து பஸ்ஸிலோ போகிறார்கள். 2022 முதல் மாநிலச் சட்டப்படி பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது. ஆனால் அதற்கும் முந்தைய ‘ஜீரோ’ பாடவேளையில் வாத்தியக்குழுவோ விளையாட்டோ வைக்கும் பள்ளிகள் உண்டு.

10. முடிவெடுத்த பின் பதிவில் செய்யும் பிழை

பதிவுப் படிவத்தோடு வீட்டு மொழி பற்றிய ஒரு தாள் வரும். பிள்ளை முதலில் பேசிய மொழி, வீட்டில் பேசும் மொழி என்ற கேள்விகளுக்குத் தமிழ் என்று எழுதினால், மாநிலத்தில் முதன்முறை சேரும் பிள்ளை 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுத வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சிப் பொய் எழுதச் சொல்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். உண்மையை எழுதிவிட்டு, தேர்வுத் தேதியை முன்கூட்டியே கேட்டு, பிள்ளையை அதற்கென அமைதியாகத் தயார் செய்யுங்கள். அன்று அக்கறையில்லாமல் எழுதிவிட்டால், ஆங்கில மேம்பாட்டு வகுப்பு ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளும். ஆறாம் படியில் நிரப்பிய கட்டத்தில் ஓர் இடம் போய்விடும்.

வசிப்பிடச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது போன்றவை பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். நிறுவனம் ஏற்பாடு செய்த தற்காலிக வீட்டில் இருப்பவர்கள் எதைக் காட்டலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையின் ஆங்கில நகலையும், கவுண்டி கேட்கும் காசநோய் அபாயப் படிவத்தையும் ஜூலைக்குள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆகஸ்டில் நேரம் கிடைப்பது கடினம்.